வீணாகும் வாட்டை எண்ணுங்கள்

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலைதான் பேச்சில் வரும். அதே ஊரில் இருக்கும் வேறு இரண்டு சங்கதிகளை யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதில்லை. ஒன்று, அகில இந்திய வானொலியின் டிரான்ஸ்மிட்டர் வளாகம். சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, 200 கிலோவாட் என்ற பெயரோடு அங்கிருந்துதான் கிளம்பியது. இன்னொன்று, 1955-இல் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. பக்கத்து அம்பத்தூரில் சைக்கிள் செய்ய ஆரம்பித்தவர்களின் குழாய்த் தொழிற்சாலை அது. தகட்டை வளைத்து, விளிம்புகளை மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சி, அழுத்தி ஒட்டிக் குழாயாக்குவது அவர்கள் தொழில். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் ஸ்ரீபெரும்புதூரில் திரும்பினால் ஒரகடம். அங்கே நோக்கியாவின் தொழிற்சாலையில் 2008 முதல் செல்போன் கோபுரங்களுக்கான ரேடியோப் பெட்டிகள் தயாராகின்றன. இப்போது 5ஜி பெட்டிகள். பாட்டு அனுப்புவதும், குழாய் ஒட்டுவதும், வீடியோ அனுப்புவதும் பார்வைக்கு வெவ்வேறு தொழில்கள்தாம். ஆனால் மூன்றின் நடுவிலும் உட்கார்ந்திருப்பது ஒரே இனத்து இயந்திரம்: நேர் மின்சாரத்தை வாங்கி, ரேடியோ அலையின் வேகத்தில் துடிக்கும் மின்சாரமாக மாற்றித் தரும் பவர் ஆம்ப்ளிஃபையர். (குழாய் வெல்டிங்கில் அது பெரும்பாலும் தன் வெளியீட்டில் கொஞ்சம் எடுத்துத் தனக்கே ஊட்டிக்கொள்ளும் ஆசிலேட்டர். கணக்கு மாறாது.)

இந்த இயந்திரத்தை மேம்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு சொற்கள் ஜோடியாக வரும்: கெயின் (உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்காக்குகிறது), எஃபிஷியன்சி (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனாகிறது). இரண்டையும் கூட்ட வேண்டும் என்பார்கள், ஏதோ இரண்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை போல. நம் பள்ளிப் பாடநூல் இந்த விஷயத்தில் கொஞ்சம் குழப்பிவிட்டது. பவருக்குத் திறன், எஃபிஷியன்சிக்குப் பயனுறுதிறன் என்று இரண்டையும் ஒரே சொல்லின் கிளைகளாக்கியதால், பவர் அதிகம் என்றாலே திறமை அதிகம் என்று காதில் விழுகிறது. அதனால்தான் இங்கே ஆங்கிலச் சொற்களையே தமிழில் எழுதுகிறேன். என் வாதம் இதுதான்: கெயின் மலிவான சரக்கு, ஓரளவுக்கு மேல் அதைத் துரத்துவதில் பயனில்லை. எஃபிஷியன்சிதான் அருமையான சரக்கு. அதையும் சதவீதமாகப் பார்த்தால் ஏமாந்து போவோம். வீணாகும் வாட்டாகப் பார்க்க வேண்டும், அதுவும் உச்சத்தில் இல்லாமல் நாள் முழுக்கச் சராசரியில், ஆம்ப்ளிஃபையரின் மூக்கில் இல்லாமல் மின்வாரிய மீட்டரில்.

முதலில் சதவீதம் செய்யும் கண்கட்டு. 85 சதவீத எஃபிஷியன்சி உள்ள ஒன்றை 90 ஆக்கினோம் என்றால், ஐந்துதானே கூடியிருக்கிறது, இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். வெளியே போகும் ஒவ்வொரு 100 வாட்டுக்கும் உள்ளே எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். 85 சதவீதத்தில் 17.6 வாட். 90-இல் 11.1 வாட். வீண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கீழ்ப்படியில் இது இன்னும் கூர்மை. 30 சதவீதத்தில் 100 வாட் அனுப்ப 233 வாட் சூடாகும். 50 சதவீதத்தில் 100 வாட்தான் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றும் அலுமினியப் பட்டைகளும் விசிறியும் சேர்ந்து, ஒரு வாட்டுக்கு அரை டிகிரி வீதம் டிரான்சிஸ்டரின் உள்மையம் சூடேற விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் காற்றின் வெப்பத்துக்கு மேல் 116 டிகிரி ஏறும், இரண்டாவதில் 50. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில் ஒன்றின் உள்மையம் 161, மற்றதில் 95. குறைகடத்தியின் ஆயுளை வெப்பம் நேர்விகிதத்தில் தின்பதில்லை, அடுக்கடுக்காகத் தின்கிறது. சதவீதத் தாளில் 20 புள்ளி வித்தியாசமாகத் தெரிந்தது, கோபுரத்தின் மேல் ஒரு பெட்டி சில வருடம் நிற்குமா பல வருடம் நிற்குமா என்ற வித்தியாசமாக இறங்குகிறது.

இனி கெயின். ஒரு கடைசிக் கட்ட ஆம்ப்ளிஃபையர் 60 சதவீத எஃபிஷியன்சியில் 100 வாட் தருகிறது; அது இழுப்பது 167 வாட். அதன் கெயின் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு என்றால், அதைத் தூண்ட 10 வாட் வேண்டும். தூண்டும் டிரைவர் கட்டம் 30 சதவீதத்தில் ஓடினால் அது 33 வாட் குடிக்கும். மொத்தம் 200, ஆக உண்மையான எஃபிஷியன்சி 50. கெயினை 16 டெசிபெலாக்கினால் தூண்டல் 2.5 வாட் போதும், டிரைவர் குடிப்பது எட்டுச் சொச்சம், மொத்தம் 175, எஃபிஷியன்சி 57. நல்ல லாபம்தான். இன்னும் உழைத்து 20 டெசிபெலாக்கினால்? எஃபிஷியன்சி 59-ஐத் தொடும், அவ்வளவுதான். முதல் ஆறு டெசிபெல் ஏழு புள்ளி தந்தது, அடுத்த நான்கு டெசிபெல் இரண்டு புள்ளிகூட முழுதாகத் தரவில்லை. அதற்கு மேல் ஏற்றிய கெயின் வேறு விலை கேட்கும்: வெளியீட்டில் கசியும் ஒரு துளி உள்ளீட்டுக்குத் திரும்பினாலே ஆம்ப்ளிஃபையர் தானாக ஊளையிட ஆரம்பித்துவிடும். கல்யாண மண்டபத்து மைக் ஸ்பீக்கர் பக்கம் திரும்பும்போது கேட்கும் அதே ஊளை, ரேடியோ வேகத்தில். கெயின் குறைந்தால் எஃபிஷியன்சியும் குறையும் என்பது ஒப்புக்கொள்ள வேண்டிய ஆட்சேபம்தான். 10 டெசிபெலுக்குக் கீழே அது முழு உண்மை. 15-ஐத் தாண்டியபின் அது பழக்கத்தில் சொல்வது.

இரண்டுக்கும் உள்ள பகை இன்னும் ஆழமான இடத்தில் இருக்கிறது. கல்லூரிப் பாடத்தில் மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தேற்றம் என்று ஒன்றைப் படித்திருப்போம்: மூலத்தின் மின்தடையும் சுமையின் மின்தடையும் சமமாக இருந்தால் அதிகபட்ச பவர் மாறும். இதை அப்படியே பவர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் கொண்டுபோய் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் சிறு சிக்னலுக்குக் கெயின் அதிகபட்சமாக வரும், உண்மை. ஆனால் பெரிய சிக்னல் வரும்போது அந்த டிரான்சிஸ்டர் தன் மின்னழுத்த எல்லையையோ மின்னோட்ட எல்லையையோ முன்கூட்டியே முட்டிக்கொள்ளும். இன்னொன்றில் இடம் மிச்சம் இருக்கும், பயன்படுத்த முடியாது. வெளியீட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கையிலுள்ள மின்னழுத்தம் முழுதும் ஊசலாட, மின்னோட்டமும் முழுதும் ஓட, என்ன சுமை வேண்டும்? 28 வோல்ட்டில் 100 வாட் எடுக்க நான்கு ஓமுக்குச் சற்றுக் குறைவான சுமை வேண்டும். 50 வோல்ட் தாங்கும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரில் 12.5 ஓம். ஆன்டெனா பக்கம் 50 ஓம். நான்கை ஐம்பதாக்குவதைவிடப் பன்னிரண்டரையை ஐம்பதாக்குவது எளிது. இடையில் இருக்கும் காயிலும் கெபாசிட்டரிலும் இழப்பும் குறைவு. அந்த இழப்பைச் சில்லறை என்று விடக் கூடாது. வெளியீட்டுக்குப் பின்னால் அரை டெசிபெல் தொலைந்தால் சம்பாதித்த பவரில் 11 சதவீதம் போய்விடும். அதே அரை டெசிபெல் உள்ளீட்டில் தொலைந்தால் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. நல்ல காயிலுக்கும் நல்ல கெபாசிட்டருக்கும் காசு செலவழிப்பவர் அதை வெளியீட்டுப் பக்கம் செலவழிக்க வேண்டும். கெயினை மட்டும் பார்ப்பவர் இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்துச் செலவழிப்பார்.

எங்கே வீணாகிறது என்பதற்கு ஒரே விடைதான். டிரான்சிஸ்டரோ வால்வோ எதுவானாலும், அதன் குறுக்கே மின்னழுத்தம் இருக்கும்போதே அதன் வழியே மின்னோட்டமும் ஓடினால், இரண்டின் பெருக்கல் சூடாகும். முழுக்க மூடினால் மின்னோட்டம் இல்லை, முழுக்கத் திறந்தால் மின்னழுத்தம் இல்லை. இரண்டு நிலையிலும் சூடு இல்லை. பாதி திறப்புதான் எரிக்கிறது. பைக்கைப் பாதி கிளட்ச்சிலேயே ஓட்டிக்கொண்டு போனால் கிளட்ச் தட்டு தீய்ந்துபோகும் அல்லவா, அதேதான். கிளாஸ் ஏ என்ற ஆம்ப்ளிஃபையர் வகை எப்போதும் பாதி கிளட்ச்: கணிதப்படி உச்சத்திலேயே 50 சதவீதத்துக்கு மேல் போகாது. கிளாஸ் பி பாதி சுற்றுக்கு மட்டும் வேலை செய்யும், உச்சத்தில் 78.5. கிளாஸ் சி இன்னும் குறுகிய துடிப்பாக அடித்துவிட்டு மீதியை ஒத்திசைவுச் சுற்றின் ஊசலாட்டத்துக்கு விடும். கிளாஸ் டி-யும், 1975-இல் நேதன் சோக்கலும் ஆலன் சோக்கலும் முன்வைத்த கிளாஸ் இ-யும் பாதி திறப்பையே ஒழிக்கப் பார்க்கின்றன: சுவிட்ச் போல முழுக்கத் திறந்து முழுக்க மூடும், அதிலும் கிளாஸ் இ மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிய கணம் பார்த்துத் திறக்கும். ஆங்கில எழுத்துகளின் இந்த வரிசையை ஏதோ படிப்படியான முன்னேற்றம் போலப் பாடம் நடத்துவார்கள். அப்படி இல்லை. எந்தச் சிக்னலைக் கொண்டுபோகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எது பொருத்தம் என்பது. மேற்குப் புறநகரின் மூன்று இயந்திரங்களும் பிரிவது இங்கேதான்.

குழாய் வெல்டிங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் சிக்னல் என்று எதுவுமே இல்லை. உருளைகள் தகட்டைச் சுருட்டிக்கொண்டே வர, விளிம்புகள் இரண்டும் ஆங்கில வி எழுத்துப் போலக் கூடும் இடத்துக்கு முன்னால் ஒரு செம்புச் சுருள் குழாயைச் சுற்றி இருக்கும். இந்த வகை ஆலைகளில் அதில் பாயும் மின்சாரம் சில நூறு கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். 720 கிலோஹெர்ட்ஸ் வானொலிக்கு அக்கம்பக்கத்து வீடு என்றே சொல்லலாம். அந்த வேகத்தில் மின்னோட்டம் எஃகின் உள்ளே இறங்காது, மேல்தோலிலேயே ஓடும். 400 கிலோஹெர்ட்ஸில், செந்தணல் நிலையில் உள்ள எஃகில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்தான். எதிரெதிர் விளிம்புகளின் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று பார்த்த முகங்களில் நெருங்கி ஓடி, சூடு முழுவதையும் வி-யின் முனையில் குவிக்கும். இங்கே துல்லியமாகப் படியெடுக்க வேண்டிய குரலோ பாட்டோ கிடையாது. அலை எவ்வளவு கோணலாக இருந்தாலும் எஃகுக்குக் கவலையில்லை. ஆகவே சுவிட்ச் முறைக்குத் தடையே இல்லை. பழைய டிரையோட் வால்வு வெல்டர்கள் மீட்டரிலிருந்து சுருள் வரை சுமார் 60 சதவீதம் கொண்டுவந்தன. இழையைச் சூடாக வைத்திருக்கவே தனிச் செலவு. மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகையால் ஆன கருவிகள் 80-ஐத் தாண்டின. ஆனாலும் கருவியை மாற்றிவிட்டு எஃபிஷியன்சியைக் கூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. குழாயின் உள்ளே இம்பீடர் என்று ஒரு ஃபெரைட் கம்பியைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைத்திருப்பார்கள். மின்னோட்டம் குழாயின் உட்சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடாமல் தடுப்பது அதன் வேலை. தண்ணீர் குறைந்து அந்தக் கம்பி சூடேறினால் ஃபெரைட் தன் காந்தக் குணத்தை இழக்கும். உடனே மின்னோட்டம் விளிம்புக்குப் போகாமல் குழாயின் முதுகைச் சூடாக்கப் போய்விடும். ஆபரேட்டர் என்ன செய்வார்? பவரைக் கூட்டுவார். ஆம்ப்ளிஃபையரின் தாளில் 85 சதவீதம் அப்படியே இருக்கும், ஒரு மீட்டர் குழாய்க்கு ஆகும் யூனிட் மட்டும் ஏறும். மீட்டரில் அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

வானொலிக்கு வருவோம். சென்னையில் வானொலி 1924-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பின் 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு தொடங்கியது. நாற்பது வாட்டிலிருந்து 200 கிலோவாட் என்பது ஐயாயிரம் மடங்கு. ஆனால் வீட்டு ரேடியோவின் கம்பியில் விழும் மின்புலம் பவரின் வர்க்கமூலமாகத்தான் கூடும். ஐயாயிரம் மடங்கு மின்சாரத்துக்கு எழுபது மடங்கு புலம். பவரை இரட்டித்தால் மூன்று டெசிபெல், காது அதைக் கவனிப்பதே அரிது. வாட் ஆசையில் ஓடுபவர்கள் இந்த வர்க்கமூலத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இதில் ஒலிக்கு ஏற்ப அலையின் உயரத்தை ஏற்றி இறக்கும் வீச்சுப் பண்பேற்றத்தின் தனி வீண் வேறு. ஒலியைச் சுமந்துசெல்லும் ஊர்தி அலை 200 கிலோவாட் என்றால், முழு நூறு சதவீதப் பண்பேற்றத்தில்கூடச் செய்தி இருக்கும் பக்கப்பட்டைகள் இரண்டும் சேர்ந்து 100 கிலோவாட்தான். சராசரிப் பேச்சு 30 சதவீத அளவில் பண்பேற்றினால் பக்கப்பட்டைகளில் இருப்பது வெறும் 9 கிலோவாட். மீதி 200 கிலோவாட்டும், நான் இங்கே இருக்கிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர்தி அலை. அந்த ஊர்தியைக் கொண்டுதான் ஒரு டயோடும் ஒரு காதுக்கருவியும் உள்ள எளிய ரேடியோகூடக் குரலைப் பிரித்தெடுக்கிறது. எனவே அதை வீண் என்று முழுதாகத் தள்ளவும் முடியாது. கேட்பவரின் ரேடியோவை மலிவாக்க அனுப்புபவர் கட்டும் வாடகை என்று சொல்லலாம்.

அந்த வாடகையைக் குறைக்க நூற்றாண்டு முழுக்க முயற்சிகள் நடந்தன. வால்வுக் காலத்தில் கிளாஸ் சி கடைசிக் கட்டத்தின் மின்னழுத்தத்தையே ஒரு பிரம்மாண்டமான ஒலி ஆம்ப்ளிஃபையர் ஏற்றி இறக்கும்; எல்லாம் சேர்த்து மீட்டரில் பார்த்தால் 50, 55 சதவீதம். பிறகு ஒலியைத் துடிப்புகளின் அகலமாக மாற்றி அந்த மின்னழுத்தத்தைச் சுவிட்ச் முறையில் ஆட்டும் வழிகள் வந்தன. 1980-களின் கடைசியில் ஹாரிஸ் நிறுவனத்தின் ஹில்மர் ஸ்வான்சன் கொண்டுவந்த யோசனைதான் எனக்கு மிகப் பிடித்தது: ஒரே பெரிய வால்வுக்குப் பதில் பல டஜன் சிறு மாஸ்ஃபெட் பலகைகள். ஒவ்வொன்றும் ஒன்று முழுக்க ஓடும், இல்லையென்றால் முழுக்க நிற்கும். குரல் உயரும்போது கூடுதல் பலகைகள் சேரும், தாழும்போது விலகும். சில்லறைக் காசுகளை எண்ணி வைத்து வேண்டிய தொகையைக் கூட்டுவது போலத்தான் அலையின் உயரத்தை அமைக்கிறார்கள். பாதி கிளட்ச் என்பதே இல்லை. மீட்டரில் 85 சதவீதத்துக்கு மேல் சாத்தியமானது இப்படித்தான். 200 கிலோவாட் ஊர்தியை 55 சதவீதத்தில் அனுப்ப 364 கிலோவாட் இழுக்க வேண்டும், 85-இல் 235. ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 8.4 லட்சம் யூனிட் வித்தியாசம். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் 59 லட்சம்.

இங்கே வால்வுப் பக்கத்தவர்களின் ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நூறு மீட்டர் உயரத்தை ஒட்டிய கோபுரம் (720 கிலோஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 104 மீட்டர்) ஐப்பசி கார்த்திகை மழையில் மின்னலுக்கு விரித்த கை. வால்வு ஒரு பொறியைத் தாங்கிக்கொண்டு மறுபடி ஓடும். மாஸ்ஃபெட் மைக்ரோ நொடியில் செத்துப்போகும். உண்மை. ஆனால் பல டஜன் பலகைகள் கொண்ட டிரான்ஸ்மிட்டரில் இரண்டு செத்தால் நிலையம் நின்றுவிடாது, பவர் இம்மி குறையும். பலகையை உருவி வேறொன்றைச் சொருகலாம். ஒரே பெரிய வால்வு போனால் நிலையமே மௌனம். அதோடு, எதிரொலித்துத் திரும்பும் அலையைக் கண்ட கணமே ஓட்டத்தை நிறுத்தும் காப்புச் சுற்றுகள் இப்போது வால்வைவிட வேகமானவை. எனவே இந்த ஆட்சேபம் 1975-இல் சரி. இப்போது அது கோபுரத்தின் அடியில் உள்ள பொறி இடைவெளியையும் நிலத்தடிச் செம்புக் கம்பிகளையும் யார் ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள் என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது.

இன்னொரு ஆட்சேபம்: மத்திய அலையே அணைந்துகொண்டிருக்கிறதே, அதன் எஃபிஷியன்சியைப் பற்றி என்ன பேச்சு? நாடு முழுக்கப் பல மத்திய அலை, சிற்றலை டிரான்ஸ்மிட்டர்கள் நிறுத்தப்பட்டுவிட்டன, கேட்பவர்கள் எஃப்.எம்.முக்கும் செல்போனுக்கும் போய்விட்டார்கள். சரிதான். ஆனால் அந்தக் கட்டடங்களில் பிறந்த யுக்திகள் அணையவில்லை. 1936-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் டோஹர்ட்டி, 50 கிலோவாட் வானொலி டிரான்ஸ்மிட்டர்களின் மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக ஒரு சுற்றை வரைந்தார். 1938-இல் அமெரிக்காவின் லூயிவில் நகர வானொலி நிலையத்தில் அது ஓடியது. பிறகு மாஸ்ஃபெட் சுவிட்ச் முறை வந்து வானொலியில் அதை ஓரங்கட்டியது. இன்று அதே சுற்று செல்போன் கோபுரப் பெட்டிகளின் அடிப்படை. ஒரகடத்துப் பக்கம் லாரியில் ஏறும் ரேடியோப் பெட்டிகளுக்கும் ஆவடிக் கோபுரத்துக்கும் உள்ள உறவு இந்த வழியில்தான்.

ஏன் அது திரும்பி வந்தது? 5ஜி சிக்னல் என்பது நூற்றுக்கணக்கான துணை அலைகளின் கூட்டம். பெரும்பாலான நேரம் அவை ஒன்றையொன்று கொஞ்சம் அடித்துக்கொள்ளும். எப்போதாவது எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் உச்சம் சராசரியைவிட ஆறு மடங்கு, பத்து மடங்கு போகும். திருவிழாக் கூட்டத்துக்காக வாங்கிய பேருந்தை வருடம் முழுக்கப் பத்துப் பேரோடு ஓட்டுவது போல, ஆம்ப்ளிஃபையரை உச்சத்துக்காகக் கட்டிச் சராசரியில் ஓட்ட வேண்டியிருக்கிறது. கிளாஸ் பி-யின் 78.5 உச்சத்தில் மட்டும்தான். எட்டு டெசிபெல் கீழே இறங்கினால் கணிதப்படியே 31. கிளாஸ் ஏ என்றால் 8. டோஹர்ட்டியின் வித்தை, இரண்டு ஆம்ப்ளிஃபையர்களைக் கால் அலைநீளக் கம்பியொன்றால் இணைப்பது. சாதாரண நேரத்தில் முதலாவது மட்டும் ஓடும். அப்போது அது பார்க்கும் சுமை இரட்டிப்பு என்பதால் குறைந்த மின்னோட்டத்திலேயே அதன் மின்னழுத்தம் முழு ஊசலுக்கு வந்துவிடும், பாதி கிளட்ச் இல்லை. உச்சம் வரும்போது இரண்டாவது விழித்து மின்னோட்டம் ஊற்றும். கால் அலைநீளக் கம்பி அதைத் தலைகீழாக்கி முதலாவதுக்குக் காட்டுவதால் அதன் சுமை குறைந்து, மின்னழுத்தம் ஏறாமலே அதுவும் கூடுதலாகத் தரும். கூடமாட வந்த ஆள் தன் பங்கைச் செய்வதோடு, ஏற்கெனவே நிற்பவரின் பாரத்தையும் இலகுவாக்குகிறார். உச்சத்துக்கு ஆறு டெசிபெல் கீழேயும் கணிதம் 78.5 என்கிறது, நடைமுறையில் நல்ல காலியம் நைட்ரைடு டோஹர்ட்டி சராசரியில் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கவனியுங்கள், இதற்கான விலை கெயினில் கட்டப்பட்டது. உள்ளீடு இரண்டாகப் பிரிவதாலும், இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் பாதி நேரம் தூங்குவதாலும் டோஹர்ட்டியின் கெயின் தனி ஆம்ப்ளிஃபையரைவிடச் சில டெசிபெல் குறைவு. தொழில் முழுவதும் யோசிக்காமல் அந்த விலையைக் கொடுக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கடினமானது: எஃபிஷியன்சியைத் துரத்தினால் அலை கோணலாகும், கோணல் அலை பக்கத்து அலைவரிசையில் போய் விழும், அங்கே இன்னொருவர் ஏலத்தில் கோடிகள் கொடுத்து வாங்கிய இடம் இருக்கிறது. குழாய்க்குக் கவலையில்லாத கோணல் இங்கே குற்றம். இதற்கு விடை டிஜிட்டல் முன்கோணல்: ஆம்ப்ளிஃபையர் எப்படிக் கோணலாக்கும் என்று அளந்து, அதற்கு நேரெதிரான கோணலை முன்கூட்டியே சிக்னலில் கலந்துவிடுவது. பெரிய கோபுரப் பெட்டிகளில் இது அபாரமாக வேலை செய்கிறது. ஆனால் இதைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் போடும் சிப்பும் மின்சாரம் குடிக்கிறது. ஒரே ஆம்ப்ளிஃபையரில் நூறு வாட் என்றால் அந்தச் செலவு தெரியாது. பல ஆன்டெனாக்கள் கொண்ட மாசிவ் மைமோ பெட்டியில் 64 ஆம்ப்ளிஃபையர்கள், ஒவ்வொன்றும் சில வாட்கள்தான். அறுபத்து நான்குக்கும் தனித்தனியாகக் கோணல் அளந்து திருத்த வேண்டும். அங்கே மிச்சப்படுத்திய வாட்டில் கணிசமான பங்கைச் சிப்பே தின்றுவிடும் நிலை வருகிறது. தெரு முனையில் மாட்டும் சின்னப் பெட்டியில் ஒரு வாட் அனுப்ப, கொஞ்சம் எஃபிஷியன்சியை விட்டுக்கொடுத்து எளிய ஆம்ப்ளிஃபையரை வைப்பதே மீட்டருக்கு நல்லது என்றுகூட ஆகலாம். ஆம்ப்ளிஃபையரின் 50 சதவீதத்தை விளம்பரத் தாளில் பார்த்து மகிழ்பவர், பெட்டிக்குள் போகும் மொத்த வாட்டையும் வெளியே வரும் வாட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

சராசரி என்று சொன்னேன். சராசரிக்குள் மௌனமும் அடக்கம். இதை முதலில் புரிந்துகொண்டதும் வானொலிக்காரர்கள்தாம். அறிவிப்பாளர் மூச்சுவிடும் இடைவெளியில் முழு ஊர்தி எதற்கு என்று கேட்டு, பண்பேற்றத்துக்கு ஏற்ப ஊர்தியைத் தாழ்த்தும் முறைகளை ஐரோப்பாவில் முன்பே சோதித்தார்கள். 2011-இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமும் தன் நிலையங்களுக்கு அதை அனுமதித்தது. ஆம்ப்ளிஃபையரின் எஃபிஷியன்சி ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, மீட்டர் மட்டும் மெதுவாகச் சுற்றியது. 5ஜி பெட்டிகள் இதை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் சிறிய துண்டுகளில் செய்கின்றன: அனுப்ப எதுவும் இல்லாத துண்டில் ஆம்ப்ளிஃபையரின் மின்னோட்டத்தையே வெட்டிவிடும், ஆள் குறைந்த இரவில் 64-இல் பாதியை உறங்கவைக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பகல் ஷிஃப்ட் முடிந்து கூட்டம் வடிந்தபின் அங்குள்ள கோபுரத்துக்கு இந்த உறக்கம்தான் டோஹர்ட்டியைவிடப் பெரிய லாபம். அதிகாலையில் முதல் ஷிஃப்ட்டுக்கு வருபவர் நுழைவாயிலில் நின்று போனை எடுக்கும்போது அவருக்குத் தாமதம் தெரியாதபடி எழுப்புவதுதான் இப்போது பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை.